டெல்டாவில் ஒரு பிராணிகள் காப்பகம்: வாசலிலேயே முடிகிற வேலை

மார்கழி பிறந்துவிட்டால் காப்பகத்து வாசலுக்கு யூரியா சாக்குகள் வர ஆரம்பிக்கும். கட்டை அவிழ்த்தால் உள்ளே கண் திறக்காத ஐந்தாறு நாய்க்குட்டிகள். கணக்கு எளிது. புரட்டாசி, ஐப்பசியில் தெருநாய்கள் இணை சேர்கின்றன. சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். குட்டி விழுவது கார்த்திகையிலும் மார்கழியிலும். டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை வயலையும் வாய்க்காலையும் ஒன்றாக்கி வைத்திருக்கிற நேரமும் அதுதான். காய்ந்த இடம் தேடும் தாய்நாய் வைக்கோல் போருக்கு அடியிலோ மாட்டுக் கொட்டகை மூலையிலோ குட்டி போடும். அது இரை தேடிப் போன நேரம் பார்த்து வீட்டுக்காரர் குட்டிகளை அள்ளிச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து விடுவார். புண்ணியம் செய்கிற நினைப்பில்தான்.

விவரம் தெரிந்த காப்பகம் அந்தச் சாக்கை உடனே வாங்கிக்கொள்வதில்லை. "தாய் எங்கே இருக்கு?" என்றுதான் முதலில் கேட்கும். தாயிடமே கொண்டுபோய் விடச் சொல்லும். வீட்டுக்காரர் தயங்கினால் கூடவே ஓர் ஆளை அனுப்பும். தாயில்லாக் குட்டியை வளர்ப்பது அவ்வளவு கடினம். பிறந்த முதல் வாரத்தில் குட்டியால் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. சில்லிட்ட குட்டிக்குப் பால் ஊட்டினால் செரிக்காது. அதனால் முதலில் சூடு, அப்புறம்தான் பால். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, அவசரப்படாமல் சூடேற்ற வேண்டும். பசும்பாலைவிட நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு, பால் சர்க்கரை குறைவு. வெறும் பசும்பால் குடிக்கிற குட்டி கழிந்து கழிந்தே இளைத்துப்போகும். மருந்துக் கடையில் கிடைக்கும் நாய்க்குட்டிப் பால் பவுடரைக் கரைத்து 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தரம், ராத்திரியிலும், குட்டியைக் குப்புற வைத்துத்தான் ஊட்ட வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்தால் பால் மூச்சுக்குழலில் இறங்கும்; கையில் வளர்கிற குட்டிகள் பல நிமோனியாவில் போவது இப்படித்தான். ஒவ்வொரு முறை ஊட்டியதும் நனைத்த பஞ்சால் அடிவயிற்றின் கீழே துடைத்துவிட்டால்தான் மூத்திரமும் மலமும் போகும். தாய் நக்கிவிடுவதும் அதற்காகத்தான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, காப்பகம் ஓர் ஏற்பாட்டை முன்வைக்கும். 8 வாரம் அந்தத் தாயும் குட்டிகளும் உங்கள் கொட்டகையிலேயே இருக்கட்டும். படுக்க ஒரு மரப்பலகை, மேலே ஒரு தார்ப்பாய், தாய்க்குத் தீனி, எல்லாம் எங்கள் பொறுப்பு. எட்டாவது வாரம் குட்டிகளுக்கு ஊசி போட்டுத் தத்துக்கு வீடு பார்க்கிறோம், தாய்க்குக் கருத்தடை செய்து இங்கேயே விடுகிறோம். பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். அவர்கள் பயந்தது வருஷத்துக்கு ரெண்டு தரம் இதே கதை தொடருமே என்றுதான்.

எத்தனை கூண்டு, எத்தனை நாய் என்று கேட்டுத்தான் காப்பகத்தை மதிப்பிடுகிறார்கள். கூண்டுக்கே வராமல் வீட்டோடு தங்கிய பிராணிகளின் கணக்குதான் உண்மையில் பெரிது. அது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை, நன்கொடையாளருக்குக் காட்டப் புகைப்படமும் இருக்காது.

வாசலில் பத்து நிமிடம்

"இதை வச்சுக்க முடியலைங்க" என்று ஒருவர் நாயையோ பூனையையோ கொண்டுவந்தால், அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கும் காரணம் சில வகைக்குள் அடங்கிவிடும். மருந்துச் செலவு, வாடகை வீட்டுக்காரர் ஆட்சேபம், கடிக்கிறது, குரைக்கிறது என்ற தொல்லை, வீட்டில் ஒரு பிரசவம், பார்த்துக்கொண்டிருந்தவர் இறந்துபோனது அல்லது படுக்கையில் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் கூண்டைவிட மலிவான விடை ஒன்று இருக்கிறது.

பிரசவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வருகிறாள். அவள் வருவதற்கு முந்தின நாள் வீட்டுப் பூனை கூடையில் ஏறும். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனை மலத்தின் வழியே கர்ப்பிணிக்குத் தொற்றிக் கருவைப் பாதிக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சொன்னது பொய்யில்லை, பாதிதான். பூனை கழித்த மலம் உடனே தொற்றாது. அதிலுள்ள முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் வேண்டும். மணல் தட்டை தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். பூனைக்குப் பச்சை மீன், பச்சைக் கறி போடக் கூடாது. கர்ப்பிணி தோட்டத்து மண்ணைக் கிளறினால் கையுறை போட வேண்டும், கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிட வேண்டும், கீரையைப் பலமுறை அலச வேண்டும். பல பெண்களுக்கு இந்தத் தொற்று வருவது பூனையைத் தொட்டு வருவதைவிட வேகாத கறியாலும் மண்ணாலும்தான். இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே கூடை வந்த வழியே திரும்பிப் போகும்.

டெல்டாவுக்கே உரிய இன்னொரு காரணம், ஆளில்லாத வீடுகள். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ சென்னையிலோ இருப்பார்கள். ஊரில் அப்பாவும் அம்மாவும், காவலுக்கு ஒரு லாப்ரடார். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தால், அன்று ராத்திரி நாய்க்குச் சோறு வைக்க ஆளிருக்காது. இந்த வீட்டுக்குத் தேவை இரண்டு வாரத் தற்காலிகத் தங்கல் மட்டும். ஆனால் தொலைபேசியில் அழுகிற மகன் கேட்பது "நாயை எடுத்துக்குங்க" என்றுதான். தற்காலிகத் தங்கலுக்கு என்று நாலு அறையை எப்போதும் காலியாக வைத்திருக்கும் காப்பகம் கெட்டிக்காரக் காப்பகம். எழுத்தில் இருக்க வேண்டியவை: எந்தத் தேதி வரை, யார் வந்து எடுப்பார்கள், தேதி தாண்டினால் என்ன, சிகிச்சைக்கு எவ்வளவு ரூபாய் வரை கேட்காமல் செலவழிக்கலாம். இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டுத்தான் பின்னால் மனத்தாங்கல் வருகிறது.

குரைப்பு, கடி என்று வருகிற புகாரில் பாதி, நாள் முழுக்க 4 அடிச் சங்கிலியில் கட்டிப்போட்ட நாய். காலையிலும் மாலையிலும் அரைமணி நடை, சங்கிலிக்குப் பதில் உயரக் கம்பியில் ஓடும் வளையக் கயிறு, தெருவைப் பார்க்காத இடத்தில் படுக்கை: இந்த மூன்றையும் மூன்று வாரம் செய்து பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள். திடீரென்று கடிக்க ஆரம்பித்த நாய் வேறு வகை. அதற்கு வலி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். காதுக்குள் சீழ், சொத்தைப் பல், இடுப்பு மூட்டு.

இத்தனைக்கும் பிறகு, வைத்துக்கொள்ளவே முடியாது என்றால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மறுத்தால் அது கொள்ளிடக் கரையிலோ கோயில் வாசலிலோ இறக்கிவிடப்படும். வீட்டில் வளர்ந்த நாய்க்கு லாரி தெரியாது. அந்த இடத்து நாய்கள் அதை உள்ளே விடாது. வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஒரு டீ, ஒரு வடைக்கான காசு. சட்டத்துக்குப் பயந்து யாரும் வளர்ப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கிளி வந்தால் கதை வேறு. பச்சைக்கிளியையோ நட்சத்திர ஆமையையோ வீட்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம். காப்பகமும் வைத்துக்கொள்ள முடியாது, வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

உள்ளே வந்த பிறகு

புதிதாக வந்த நாய் 14 நாள் தனி அறையில். இது கறாரான விதி. ஒரு நாய்க்காக இதைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதைப் பார்வோ காட்டிக்கொடுக்கும். பார்வோ வைரஸ் தொற்றிய குட்டிக்கு மூன்று முதல் ஏழு நாளில், சிலசமயம் அதற்கும் மேலே தள்ளி, வாந்தியும் ரத்தபேதியும் வரும். அதற்கு முன்பே மலத்தில் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். பார்க்கத் துள்ளிக்கொண்டிருக்கும் குட்டிதான் மற்றவற்றுக்குக் கொடுத்துவிட்டிருக்கும்.

பார்வோ தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயில் ஊற்றினால் வாசனை வரும், வைரஸ் சாகாது. பூனை இருக்கும் இடத்தில் பினாயில் விஷமும்கூட. வேலை செய்வது குளோரின். 30 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 10 லிட்டர் வாளிக்கு 60 கிராம். கரைத்துக் கொஞ்ச நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை எடுத்துத் தரையில் ஊற்றி 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். இதில் மூன்று தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. மலத்தையும் சோற்றையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் நேரே பிளீச்சிங் ஊற்றினால், குளோரின் அந்த அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். மூட்டையைத் திறந்து வைத்தால் டெல்டாவின் ஈரக்காற்றில் சில வாரத்தில் வீரியம் போய்விடும்; வாடையே இல்லாத பவுடர் சுண்ணாம்புக்குச் சமம். மூன்றாவது ஆபத்தானது: கழிவறை ஆசிட்டோடு கலப்பது. கிளம்பும் வாயு ஆளையே சாய்க்கும்.

கழுவும் வரிசையும் மருந்தைப் போலவே முக்கியம். ஆரோக்கியமான குட்டிகளின் அறை முதலில், வயதான நாய்கள் அடுத்து, புதிதாக வந்தவை அதற்குப் பிறகு, நோயாளிகள் கடைசி. ஒரே ஆள் எதிர்த்திசையில் போனால் துடைப்பமும் செருப்பும் நோயைச் சுமந்துகொண்டு போகும். நோயாளி அறைக்கென்று சிவப்புப் பெயின்ட் அடித்த துடைப்பம், வாளி, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. இந்தப் பெயின்ட் டப்பா காப்பாற்றிய குட்டிகள் அதிகம்.

பட்டினியில் எலும்பும் தோலுமாக வந்த நாயைக் கண்டதும் யாருக்கும் வயிறு நிறையச் சோறு போடத்தான் தோன்றும். கூடாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பரசும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி இதயமே நிற்கக்கூடும். அதன் தேவையில் நாலில் ஒரு பங்கை முதல் நாள், அதையும் ஐந்தாறு வேளையாகப் பிரித்து. பிறகு நாலைந்து நாளில் முழு அளவுக்கு ஏற்ற வேண்டும்.

தீனிக் கணக்கு

15 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி வேண்டும். 100 கிராம் நொய்யரிசி, 200 கிராம் கோழி, 10 கிராம் எண்ணெய் சேர்ந்தால் அந்த அளவுக்கு வந்துவிடும். 60 நாய் இருந்தால் தினம் 6 கிலோ நொய், 12 கிலோ கோழி. நொய்க்கு டெல்டாவில் பஞ்சமில்லை. அரிசி ஆலைகள் மலிவாகவே தரும். இழுபறி கோழியில்தான். கழுத்து, ஈரல், தோல் என்று கறிக்கடையிலிருந்து வருவதைக் காலையிலேயே வேகவைத்துவிட வேண்டும். வெந்த எலும்பு ஈட்டியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும் என்பதால் கழுத்தைக் குக்கரில் கூழாகும்வரை விட்டு மசிக்க வேண்டும், அல்லது பச்சையாக அரைத்துப் பிறகு வேகவைக்க வேண்டும். எலும்பில்லாக் கறி மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து போதாது: கிலோ உணவுக்கு ஒரு தேக்கரண்டி முட்டை ஓட்டுப் பொடி.

வீட்டுக்காரர்களுக்கும் இதே கணக்கைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். டெல்டா நாய் பெரும்பாலும் தயிர்ச்சோற்று நாய். வயிறு நிறையும், தசை வளராது. தினம் ஒரு முட்டை சேர்த்தால்கூட மாற்றம் தெரியும். மிச்சக் குழம்பு ஊற்றுவதை நிறுத்தச் சொல்வது இன்னும் முக்கியம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும். வெங்காயத்தை வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. சர்க்கரைப் பொங்கலில் கிடக்கும் உலர்திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். தேய்பிறை அஷ்டமியில் பைரவரை நினைத்துத் தெருநாய்க்கு பிஸ்கட் போடுவோருக்கு ஒரு வேண்டுகோள்: கிரீம் பிஸ்கட்டுக்கும் சாக்லேட் பிஸ்கட்டுக்கும் பதில் ஒரு முட்டை. பைரவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குருணை

இந்த மண்ணில் குருணை என்றால் இரண்டு பொருள். உடைந்த அரிசி ஒன்று. வயலில் தூவும் மணிமணியான பூச்சிமருந்து இன்னொன்று. நெற்பயிரில் குருத்துப்பூச்சிக்குப் போடுகிற அந்த மருந்து, கோழியைத் தூக்கும் நாய்க்கோ பயிரை மிதிக்கும் நாய்க்கோ சோற்றில் பிசைந்து வைக்கப்படுவதும் நடக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில் இதற்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு. வேண்டுமென்றே வைக்காவிட்டாலும், வரப்பில் கிடக்கும் காலிப் பையை நக்கினால் போதும்.

கார்போபியூரான் போன்ற குருணை மருந்தில் அறிகுறி அரைமணிக்குள் தெரியும்: வாயில் ஒழுகும் எச்சில், கண்ணீர், தசை துடிப்பு, ஊசிமுனையளவு சுருங்கிய கண்மணி, தன்னையறியாமல் கழிவது. அட்ரோபின் ஊசி உடனே கிடைத்தால் பிழைக்கும். தாமதமானால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

எலி மருந்து வேறு. கதிர் முற்றும் காலத்தில் வயலெலிக்கு வைக்கும் சாம்பல் நிறத் துத்தநாகப் பாஸ்பைடு, வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாக மாறுகிறது. வாயில் பூண்டு வாடை அடிக்கும். இதற்கு முறிமருந்து கிடையாது. இங்கேதான் வீட்டுக்காரர் பெரிய தப்பு செய்வார்: "வயிறு காலியா இருக்கு" என்று பாலோ சோறோ ஊட்டுவது. சாப்பாடு போனால் அமிலம் கூடும், வாயுவும் கூடும். அந்த நாய் வாந்தி எடுத்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு மனிதர்கள் தள்ளி நிற்க வேண்டும், காரில் ஏற்றினாலும் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். மூன்றாவது வகை, கடையில் விற்கும் எலி கேக். தின்ற அன்று நாய் ஓடியாடும். மூன்றாம் நாள், நான்காம் நாள் ஈறில் ரத்தம், மூச்சிரைப்பு, திடீர்ச் சோர்வு. வைட்டமின் கே1 மூன்று, நான்கு வாரம் விடாமல் கொடுத்தால் காப்பாற்றலாம். பாதியில் நிறுத்தினால் ரத்தக்கசிவு திரும்பும். கே3 மாத்திரை இதற்கு உதவாது.

எந்த விஷமானாலும் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், பச்சை முட்டை என்று வாயில் ஊற்றுவதை விட்டுவிட்டு மருந்துப் பையையோ, அதன் லேபிளைப் படம் எடுத்தோ கொண்டுவரச் சொல்கிறார்கள். வலிப்பில் இருக்கும் நாயின் வாயில் ஊற்றியது நுரையீரலுக்குத்தான் போகும். காப்பகத்தில் டாக்டர் இல்லாத நேரம் அருகிலுள்ள மாட்டாஸ்பத்திரி, அங்கே முடியாததற்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி. 1962 என்ற எண்ணில் வரும் நடமாடும் ஊர்தி முதன்மையாக ஆடுமாடுகளுக்கானது. நாய்க்காகவும் கேட்டுப் பார்க்கலாம்.

இதே பட்டியலில் வீட்டு மருந்துப் பெட்டியையும் சேர்க்க வேண்டும். காய்ச்சலுக்கு என்று பூனைக்குக் கொடுக்கும் ஒரு பாராசிட்டமால் மாத்திரை அதைக் கொன்றுவிடும். பூனையின் ஈரலுக்கு அதை உடைக்கும் திறன் கிடையாது.

ஊசி

வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில் முதல் தடவை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஒரு பூஸ்டர், அப்புறம் ஆண்டுக்கு ஒன்று. பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் சேர்ந்த கூட்டு ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 3, 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை. "ஒரு ஊசி போட்டாச்சே, ஏன் திரும்பத் திரும்ப?" என்பார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி மருந்தை அதுவே முறித்துவிடும். அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் தொடர் ஊசி. எலிக்காய்ச்சல் ஊசியை டெல்டாவில் தவறவிடக் கூடாது. தண்ணீர் நிற்கும் வயலும் எலி வளையும் சேர்ந்த இடம் இது. நாய்க்கு வந்தால் அதன் மூத்திரம் வழியாக வீட்டாருக்கும் வரலாம்.

ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கடையில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, கும்பகோணத்திலிருந்து சித்திரை வெயிலில் பைக்கில் கொண்டுவந்த மருந்தைப் போட்டால் ஊசி குத்திய வலி மட்டும் மிச்சம். காப்பகங்கள் மாதம் ஒரு நாள் முகாம் வைப்பதில் மலிவைவிடப் பெரிய லாபம் இதுதான்: ஐஸ் பெட்டி, வெப்பமானி, ஒரே நாளில் தீரும் மருந்து.

கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள் எதுவும் வேண்டாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையம். 0, 3, 7, 28ஆம் நாட்களில் தோலுக்குள் ஊசி, தோல் கிழிந்து ரத்தம் வந்த கடியென்றால், வைரஸை உடனே முறிக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும். கடித்த நாயைக் கொல்லாமல் 10 நாள் பார்க்க வேண்டும். பத்தாம் நாள் நன்றாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை. ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று மனிதர் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. வெறி பிடித்த நாய் எல்லாம் துரத்திக் கடிக்கும் என்பதில்லை. தாடை தொங்கி, எச்சில் வடிந்து, குரல் மாறி மூலையில் முடங்குவதும் உண்டு. "தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு" என்று வீட்டுக்காரர் வாய்க்குள் கையை விடுவது அந்த நேரத்தில்தான். ஊசி போடாத நாய் வாயைத் திறந்தபடி நின்றால் கையை விடாதீர்கள், அழையுங்கள்.

கருத்தடை

காப்பகத்தின் வேலைகளில் செலவுக்கு அதிகப் பலன் தருவது இது. பெண் நாய்க்கு 6 மாதத்தில் செய்யலாம். கருப்பையை எடுத்துவிட்டால், இணை சேரும் பருவம் முடிந்து சில வாரத்தில் வரும் கருப்பைச் சீழ் என்ற உயிர்க்கொல்லி நோய் வராது. குட்டி வேண்டாம் என்று ஊரில் போட்டுவிடும் கருத்தடை ஊசி அதே சீழைத்தான் வரவழைக்கிறது. "தீட்டு நிக்கவே மாட்டேங்குது" என்று கொண்டுவரும் தெருநாயைப் பார்த்தால் பலசமயம் அது இணைசேர்க்கையில் ஒட்டிக்கொள்ளும் கட்டி. வாரம் ஒன்றாக நாலு முதல் ஆறு வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசியில் அனேகமாகக் கரைந்துவிடும்.

கெடுவது அறுவை மேஜையில் குறைவு, வீட்டில் அதிகம். வளர்ந்த நாய்க்கு முந்தின இரவோடு சாப்பாடு நிறுத்த வேண்டும். "பாவம், பசிக்கும்" என்று காலையில் பாட்டி ஊற்றிய அரை டம்ளர் பால், மயக்கத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போகும். பால் குடித்ததை ஒளிக்காமல் சொன்னால் போதும், அறுவையைத் தள்ளிவைப்பார்கள். தையலை நக்காமலிருக்கக் கழுத்துப்பட்டை வேண்டும். அடிப்பகுதி வெட்டிய பிளாஸ்டிக் வாளி அதே வேலையைச் செய்யும். 10 நாள் குளியலும் கிடையாது, சேற்றில் இறங்கவும் கூடாது. மழை மாதத்தில் டெல்டாவில் இது நடக்கிற காரியமில்லை. அதனால் தை அறுப்பு முடிந்து மாசியிலிருந்து ஆடி வரை தேதி கொடுப்பது நல்லது. புரட்டாசிக்கு முன் முடித்துவிட்டால் அடுத்த மார்கழிச் சாக்கும் குறையும்.

தெருநாயைக் கருத்தடை செய்து, வெறிநாய்க்கடி ஊசி போட்டு, காதில் சிறு வெட்டு அடையாளமிட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன 2023ஆம் ஆண்டுப் பிராணிகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள். தெருவாசிகளுக்கு இதில் மனக்குறை உண்டு. வேறெங்காவது கொண்டுபோய் விடக் கேட்பார்கள். அந்தத் தெருவில் குப்பையும் சோறும் இருக்கும்வரை காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வரும், அது ஊசி போடாததாக இருக்கும். ஓர் ஊரில் 70 சதவீத நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் வெறிநாய்க்கடி நோய் பரவுவது நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊசி போட்டவற்றை வெளியேற்றினால் அந்தக் கணக்கு கீழே இறங்கும்.

வெள்ளமும் சங்கிலியும்

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி மின்சாரம் போனால் குளிர்பெட்டியில் இருந்த ஊசி மருந்தையெல்லாம் நம்ப முடியாது, கொட்டிவிட வேண்டியதுதான். ஐப்பசிக்கு முன்னமே இருப்பைக் குறைத்துக்கொள்வதும், ஐஸ் கட்டி கிடைக்கும் மீன் சந்தைக்காரரிடம் சொல்லி வைப்பதும் டெல்டாக் காப்பகத்தின் வழக்கமான முன்னேற்பாடு.

வீட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தருவது அதைவிடச் சுருக்கம். வெள்ள நிவாரண முகாமுக்குக் கிளம்பும்போது நாயைக் கூட்டிப்போக முடியாவிட்டால் சங்கிலியை அவிழ்த்துவிட்டுப் போங்கள். அவிழ்த்த நாய் மேட்டைத் தேடிப்போய்விடும். கட்டிய நாய் நின்ற இடத்திலேயே மூழ்கும். ஊசிப் புத்தகம் பிளாஸ்டிக் உறையில், நாயின் படம் கைபேசியில், ஐந்து நாள் தீனி ஒரு டப்பாவில். பூனைக்கு மூடி உள்ள கூடை. பயந்த பூனையைக் கையில் தூக்கி முழங்கால் தண்ணீரில் நடக்க முடியாது. தண்ணீர் வடிந்த பிறகு புதர், விறகுக் கட்டு, கவிழ்த்த பாத்திரம் எல்லாவற்றிலும் பாம்பு ஒதுங்கியிருக்கும். நாய் மோந்து பார்த்துத்தான் கடிபடும், முகத்திலோ முன்காலிலோ. கட்டுப்போட்டு இறுக்காமல், கீறாமல், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் அதற்கும்.

கடைசி நாள்

பழுதாகிவிட்ட சிறுநீரகம், ஈரலுக்குப் பரவிய புற்று, இடுப்பு உடைந்து பின்னங்கால் செத்த நிலை என்று வலி மட்டுமே மிஞ்சும்போது மருத்துவர் ஊசியால் முடித்துவைப்பதைப் பற்றிக் காப்பகம் வெளிப்படையாகப் பேச வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுத்தான் பலர் கிழட்டு நாயை வண்டியில் ஏற்றி எங்கோ இறக்கிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் கூட இருந்து தலையைத் தடவிக்கொண்டிருக்கலாம். முதலில் மயக்க ஊசி, பிறகுதான் கடைசி ஊசி. இந்த மருந்து ஏறிய உடலை மற்ற நாய்களோ பறவைகளோ தோண்டித் தின்றால் அவையும் சாகும் என்பதால் குழி 4 அடிக்குக் குறையக் கூடாது. கிணற்றுக்கும் அடிபம்புக்கும் 100 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். வெறிநோய் சந்தேகம் இருந்தால் வெறும் கையால் தொடாமல் மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும்.

டெல்டாவில் ஐப்பசிக்குப் பிறகு 3 அடி தோண்டுவதற்குள் ஊற்று வந்துவிடும். குழியில் உடல் மிதக்கும். வயதான நாய் வைத்திருப்பவரிடம் சித்திரை, வைகாசியிலேயே தோப்பில் மேடாக ஓர் இடம் பார்த்து வைக்கச் சொல்வது அதனால்தான். கேட்டதும் முகம் சுருங்கும். அடுத்த முறை ஊசிக்கு வரும்போது, "தென்னைக்குப் பின்னால இடம் பார்த்துட்டேங்க" என்பார்கள்.